கார்பெட்டின் மேல் விரிப்பு போடுகிறீர்களா? அடியில் போடும் பேடைத் தேர்ந்தெடுப்பது எப்படி

காலையில் நேராக இழுத்துவிட்ட விரிப்பு, இரவு படுக்கப் போகும்போது ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. நடுவில் ஒரு மேடு. காலால் தட்டி நிமிர்த்துகிறோம். மறுநாள் அதே இடத்தில் அதே மேடு. அறை முழுக்க கார்பெட் பதித்த வீட்டில், அதன்மேல் தனி விரிப்பு ஒன்றைப் போட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். இதற்குப் பெரும்பாலோர் செய்வது, நல்ல தடிமனான, மெத்தென்ற பேட் ஒன்றை வாங்கி அடியில் போடுவது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். விரிப்பு முன்பைவிட வேகமாக நகர்ந்தது. ஒரு நாள் அம்மா அந்த மேட்டில் கால் இடறி, நல்லவேளையாகக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சொற்களை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து சுவர்வரை தரையோடு பதித்திருப்பதைக் கார்பெட் என்கிறேன். அதன்மேல் தனியாகப் போடுவது விரிப்பு. ரக் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் வருவது பேட். கார்பெட்டுக்கும் அடியில், தரையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெத்தை அடுக்கு பெரும்பாலும் இருக்கும். அதை அடிமெத்தை என்று வைத்துக்கொள்வோம். அதுவும் இந்தக் கதையில் வருகிறது.

விரிப்பு ஏன் ஊர்ந்து போகிறது

கார்பெட்டின் இழைகள் நேராக நிற்பதில்லை. தயாராகிச் சுருட்டும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். உள்ளங்கையால் நீளமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த் திசையில் தடவினால் இழைகள் எதிர்க்கும். தடவிய பட்டையின் நிறமும் கொஞ்சம் கருத்துத் தெரியும். பூனையை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவுவது போல.

விரிப்பின்மேல் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் அடியில் உள்ள இழைகள் தாங்கள் சாய்ந்த பக்கமே இன்னும் படுக்கின்றன. படுக்கும்போது விரிப்பையும் மயிரிழை தூரம் கூடவே கொண்டுபோகின்றன. காலை எடுத்ததும் இழை நிமிர்ந்துவிடும், விரிப்பு மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பாது. மீசை வைத்த புல் கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டுக் கையை ஆட்டினால், அது தானாகவே தோள்பக்கம் ஏறும் இல்லையா? சின்ன வயதில் செய்து பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அடியில் எல்லாமே மெத்து: கார்பெட் இழை, அதற்குக் கீழே அடிமெத்தை. கால் அழுத்தும் இடத்தில் விரிப்பு குழிகிறது, குதிகால் அதை முன்னால் தள்ளுகிறது, தள்ளுப்பட்ட துணிக்குப் போக இடம் இல்லாமல் மேடாக எழும்புகிறது. வழவழப்பான தரையில் விரிப்பு மொத்தமாக வழுக்கும். கார்பெட்டில் அது ஊர்ந்து ஊர்ந்து சுருங்கும். அதனால் மரத்தரைக்கு அருமையாக வேலை செய்யும் பேட், கார்பெட்டில் பெரும்பாலும் தோற்றுப்போகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கார்பெட்டின் மேல் வரும் பேட் மெத்தென்று இருக்கத் தேவையே இல்லை. மெத்து அங்கே ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு இருக்கிறது. நெளிகிற கார்பெட்டுக்கும் நெளிகிற விரிப்புக்கும் நடுவில், நெளியாத ஒன்று வேண்டும். மெல்லியதாக, விறைப்பாக, அடர்த்தியாக, இரண்டு பக்கமும் பிடிப்போடு இருக்கும் பேட். இனிச் சொல்லப்போவது எல்லாம் இதன் விரிவுதான்.

முதல் படி: பேட் தேவையா என்று பாருங்கள்

எல்லா விரிப்புக்கும் பேட் வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் முக்கால்வாசி போய்விடும் விரிப்பு, நான்கு பக்கமும் கனமான சோபா, அலமாரி ஏறி உட்கார்ந்த விரிப்பு, தானே கனமான பெரிய கம்பளி விரிப்பு ஆகியவை பேட் இல்லாமலே அசையாமல் கிடக்கலாம்.

விரிப்பைப் போட்டு, இரண்டு மூலைகளில் கார்பெட்டின்மேல் நிறநூல் துண்டு ஒன்றை மூலையை ஒட்டி வையுங்கள். ஊசியால் கார்பெட் இழையில் ஒரு தையல் போட்டுவிட்டால் நூல் விலகாது. பிறகு எளிதாக எடுத்துவிடலாம். நான்கைந்து நாள் வழக்கம்போலப் புழங்குங்கள். மூலை நூலைவிட்டு நகரவில்லை, நடுவில் மேடும் இல்லை என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். நகர்ந்திருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கையால் தடவியபோது வழுக்கிய திசைதான் பெரும்பாலும் அது.

விரிப்பின் நிறம் அடியில் உள்ள வெளிர்நிறக் கார்பெட்டில் ஏறிவிடுமோ என்ற பயம் இருந்தால் மட்டும், நகராத விரிப்புக்கும் ஒரு தடுப்பாகப் பேட் போடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: உங்கள் கார்பெட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, இழையின் உயரம். இழைகளைப் பிரித்து, மில்லிமீட்டர் குறித்த சிறிய ஸ்கேலை அடிவரை இறக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 6 மி.மீ.வரை இருந்தால் குட்டை இழை, 6 முதல் 12 மி.மீ.வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர்ந்த இழை. குட்டை இழைக் கார்பெட்டில் அனேகமாக எந்த நல்ல பேடும் பிடிக்கும். நடுத்தரத்தில் தேர்வு முக்கியம். 20 மி.மீ.க்கு மேல் போய், கால்விரல் புதையும் அளவுக்குப் புசுபுசுவென்று இருக்கும் கார்பெட் என்றால், நேராகவே சொல்லிவிடுகிறேன்: அதன்மேல் மெல்லிய விரிப்பு எதுவுமே சரியாக நிற்காது. எந்தப் பேடும் நகர்வைக் குறைக்கும், நிறுத்தாது. அப்படிப்பட்ட அறையில் கனமான, விறைத்த முதுகுள்ள விரிப்பைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் மேசை நாற்காலிகளை ஏற்றி வைப்பதுதான் வழி.

இரண்டாவது, இழை வெட்டியதா, வளையமா என்பது. கார்பெட்டை மடித்துப் பக்கவாட்டில் பார்க்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் இழை நுனியை உற்றுப் பாருங்கள். பிரஷ் மாதிரி நுனிகள் தனித்தனியாக இருந்தால் வெட்டிய இழை. குட்டிக் குட்டிக் காது போல வளைந்து மீண்டும் உள்ளே போனால் வளைய இழை. பெர்பர் என்று பெயர் சொல்லி விற்பவை பெரும்பாலும் இந்த வகை. வளைய இழைக் கார்பெட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரிய எச்சரிக்கை: கொக்கி, பல், முள் உள்ள எந்தப் பிடிப்பானும் அதன் அருகில் போகக் கூடாது. ஒரு வளையம் மாட்டி இழுபட்டால், ஸ்வெட்டரில் நூல் உருவுவதுபோல ஒரு வரிசையே உருவிக்கொண்டு வரும். சரிசெய்வதும் எளிதல்ல.

மூன்றாவது, அடிமெத்தை. இதை எடுத்துப் பார்க்க முடியாது, காலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். செருப்பில்லாமல் ஒற்றைக் காலில் குதிகாலை ஊன்றி நில்லுங்கள். தரை உடனே தட்டுப்பட்டால் அடிமெத்தை மெல்லியது அல்லது இல்லவே இல்லை. மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால் தடித்தது. வீட்டுக் கார்பெட்டுக்குப் போடும் அடிமெத்தை சுமார் 11 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது கார்பெட் தொழிலில் பரவலாகச் சொல்லும் விதி. அதற்கு மேல் போனால் கார்பெட்டே தளர்ந்துவிடும். கால் அமிழும் கார்பெட்டின் மேல் இன்னும் ஒரு மெத்தென்ற அடுக்கைச் சேர்த்தால் நிலைமை என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

வயதானவர்கள், கைத்தடியோ வாக்கரோ வைத்து நடப்பவர்கள் இருக்கும் வீட்டில், இந்தக் குதிகால் சோதனையை அவர்கள் நடக்கும் பாதையிலேயே செய்யுங்கள். அந்தப் பாதை அமிழ்கிறது என்றால் அங்கே விரிப்பே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. அழகுக்குச் சுவர் இருக்கிறது.

மூன்றாம் படி: விரிப்பைத் திருப்பிப் போடுங்கள்

பேட் தொடப்போவது விரிப்பின் முகத்தை அல்ல, முதுகை. அதனால் முதுகைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளி விரிப்பின் முதுகில், முன்பக்கத்து வடிவமே தெளிவாகத் தெரியும். இது கனமாக, நன்றாக வளைந்துகொடுக்கும். இதற்கு ஒட்டும் பசை உள்ள பேட் வேண்டாம். பழைய விரிப்பாக இருந்தால் நிச்சயமாக வேண்டாம். பசை கம்பளியில் தங்கி அழுக்கைச் சேர்க்கும்.

முதுகில் ஒரு முரட்டுத்துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டிங் முறையில் செய்தது. இழைகளைத் துணியில் குத்தி, லேடெக்ஸ் பசை பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். வருடங்கள் போகப் போக அந்த லேடெக்ஸ் காய்ந்து மாவு மாதிரி உதிரும். அழுத்தமாக ஒட்டும் பேடை இதன்மேல் போட்டுப் பிறகு உரித்தால் துணியும் சேர்ந்து வந்துவிடலாம்.

ஜமுக்காளம் மாதிரி இழை எழும்பாத தட்டை நெசவு விரிப்புகள்தான் கார்பெட்டின்மேல் அதிகம் சுருங்குகின்றன. கனம் குறைவு, உடம்பில் விறைப்பே கிடையாது. இவற்றுக்குப் பேட் கட்டாயம். அதுவும் விரிப்பின் கிட்டத்தட்ட முழுப் பரப்புக்கும் வேண்டும். ஓரத்தில் மட்டும் துண்டு துண்டாக வைத்தால் நடுவில் மேடு எழும்பிக்கொண்டேதான் இருக்கும்.

இயந்திரத்தில் நெய்த பாலிப்ரொப்பிலீன் விரிப்பின் முதுகு கரடுமுரடாகவும் விறைப்பாகவும் இருக்கும். இதற்குப் பேட் தேடுவது எளிது, ஏறக்குறைய எல்லாமே பிடிக்கும். சணல், சைசல் விரிப்புகளும் விறைப்பானவைதான். ஆனால் அவற்றின் முரட்டு முதுகு நேராகக் கார்பெட்டில் உரசினால், காலப்போக்கில் கார்பெட்டின் இழைநுனி தேயும். பேட் அங்கே நகர்வைத் தடுப்பதோடு உரசலையும் தடுக்கிறது.

சாயம் பற்றி முன்பு சொன்னேன். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, விரிப்பின் அடர்ந்த நிறப் பகுதியில், முக்கியமாகச் சிவப்பிலும் கருநீலத்திலும், முன்பக்கமும் பின்பக்கமும் பத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால், ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினாலே அந்த நிறம் கார்பெட்டுக்குப் போகும். அப்படியான விரிப்புக்கு ஓட்டை உள்ள வலைப்பேட் உதவாது, இடைவெளி இல்லாத முழுப்பரப்புப் பேட்தான் வேண்டும். அதையும் நீர் முற்றிலும் தாண்டாத சுவர் என்று நம்பிவிடக் கூடாது; தண்ணீர் கொட்டினால் உடனே விரிப்பைத் தூக்கிவிட வேண்டும்.

நான்காம் படி: எந்தப் பேட்

கார்பெட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஊசியால் குத்தி இறுக்கிய பாலியெஸ்டர் ஃபெல்ட்டில் (நெய்யாமல் இழைகளை இறுக்கிச் செய்த தடித்த துணி) இரண்டு பக்கமும் லேசாகப் பிடிக்கும் பூச்சு கொடுத்த மெல்லிய பேட். தடிமன் 3 மி.மீ. அளவில் இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டாமல், ஆனால் விரலை விடாமல் பிடிப்பதுபோல ஒரு உணர்வு. சிலவற்றில் இரண்டு பக்கமும் மெல்லிய தாள் அல்லது பிளாஸ்டிக் உறை இருக்கும், அதை உரித்துவிட்டுப் போட வேண்டும். செயற்கை இழை விரிப்புக்கும், தட்டை நெசவு விரிப்புக்கும் இது பொருத்தம். இதன் எதிரி தூசு. கார்பெட்டைச் சுத்தம் செய்யாமல் போட்டால் முதல் நாளே பூச்சின்மேல் தூசு படிந்து பிடிப்பு போய்விடும்.

அடுத்தது ஒரு பக்கம் ஃபெல்ட், மறுபக்கம் இயற்கை ரப்பர் உள்ள இருமுகப் பேட். கையால் நெய்த கம்பளி விரிப்புக்கு இது நல்ல தேர்வு, ஏனென்றால் பசை கிடையாது. ரப்பரின் இயல்பான உராய்வுதான் பிடிக்கிறது. ஆனால் இது பல தடிமனில் வரும். மரத்தரைக்கு விற்கும் 9, 12 மி.மீ. வகையைக் கார்பெட்டுக்கு வாங்கிவிடாதீர்கள். 3 முதல் 6 மி.மீ.க்குள் நின்றுகொள்ளுங்கள், அதிலும் 3 பக்கம் இருப்பது மேல். வீட்டில் யாருக்காவது லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் இயற்கை ரப்பரைத் தவிருங்கள்.

இருமுகப் பேடில் எந்தப் பக்கம் மேலே? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வழவழப்பான தரையில் ரப்பர் கீழே வரும். கார்பெட்டில் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு: சொரசொரப்பான ஃபெல்ட் கீழே, கார்பெட் இழையோடு பின்னிக்கொள்ள வேண்டும், ரப்பர் மேலே, விரிப்பின் முதுகைப் பிடிக்க வேண்டும். தயாரிப்பாளர் உறையில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள், அவர்களுடைய பூச்சு அவர்களுக்குத்தான் தெரியும்.

வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும், இட்ட இடத்தில் துவண்டு விழும் மெல்லிய பிவிசி பேட்தான் எங்கும் சுலபமாகக் கிடைக்கிறது. கார்பெட்டுக்கு அது வேண்டாம். விறைப்பே இல்லாததால் விரிப்போடு சேர்ந்து அதுவும் சுருண்டுகொள்ளும். மேலும் பிவிசியை வளையவைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வரும். வெளிர்நிறக் கார்பெட்டில் அது மஞ்சளாகத் தங்கிவிடலாம், பேடும் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளலாம். வெயில் படும் இடத்திலும் சூடான தரையிலும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மெமரி ஃபோம், ஸ்பாஞ்ச், தடித்த ஃபெல்ட் எல்லாம் காலுக்குச் சுகம்தான். கார்பெட்டின்மேல் அவை சதுப்புநிலம் மாதிரி ஆகிவிடும். மேசை ஆடும், விளக்குக் கம்பம் சாயும், விரிப்பு ஓரம் இடறும் உயரத்துக்கு எழும்பும். இதற்கு விதிவிலக்காக நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

மூலைக்கு மூலை ஒட்டும் பிடிப்பான்கள் பெரும்பாலும் வழவழப்பான தரைக்கானவை. கார்பெட்டுக்கென்று சொல்லி, நுண்கொக்கிகள் உள்ள பட்டையும் விற்கிறார்கள். வெட்டிய குட்டை இழையில் அது பிடிக்கும், வளைய இழையில் கூடவே கூடாது. மூலையை மட்டும் பிடித்து வைத்தால் சுருக்கம் நடுவுக்குப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டுபக்கப் பசைநாடாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடுக்கும்போது கார்பெட்டில் பசை தங்கி, சில மாதத்தில் அந்தக் கோடு மட்டும் கருத்துத் தெரியும். திருகி இறக்கும் முறுக்கு ஊசிகள் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் குழந்தைகளும் பிராணிகளும் இருக்கும் வீட்டில், ஒன்று கழன்றாலும் காலில் ஏறிவிடும்.

சரி, பேட் கையில் கிடைத்தால் எப்படிச் சோதிப்பது? இரண்டு சோதனை போதும். ஒரு துண்டை மேசை விளிம்பில் வைத்து ஒரு சாண் நீளம் வெளியே நீட்டுங்கள். துண்டு துணிபோலத் தொங்கினால் வேண்டாம். கொஞ்சம் தாழ்ந்தாலும் அட்டைபோல நீட்டிக்கொண்டு நின்றால் அதுதான் நமக்கு. அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். ஒரு விரலின் வடிவம் மறு விரலுக்குத் தெரிந்தால் அடர்த்தி போதாது.

நேரில் பார்க்க முடியாமல் வாங்குகிறவர்கள், தடிமனையும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபெல்ட் பேடின் எடையைச் சில நாடுகளில் சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று போடுவார்கள். 1 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 34 கிராம். ஆகவே 40 அவுன்ஸ் பேட் என்பது சதுர மீட்டருக்கு சுமார் 1,360 கிராம். ஒரே எடையுள்ள இரண்டு பேடில் மெல்லியதே அடர்த்தியானது. தடிமனைப் போடாமல் எடையை மட்டும் பெரிதாக எழுதியிருந்தால் தடிமனைக் கேட்டு வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள்.

ஐந்தாம் படி: அளவும் கதவும்

பேட் விரிப்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 2.5 செ.மீ. உள்ளே நிற்பது நல்ல அளவு. அப்போது விரிப்பின் ஓரம் சரிந்து கார்பெட்டைத் தொடும், கால் இடறாது, பேடும் வெளியே எட்டிப் பார்க்காது. 150 × 240 செ.மீ. விரிப்பு என்றால் பேட் 145 × 235 செ.மீ. குஞ்சத்தை அளவில் சேர்க்கக் கூடாது. விரிப்பின் உடம்பை மட்டும் அளக்க வேண்டும். உறையில் எழுதிய அளவை நம்பாமல் டேப் வைத்து இரண்டு ஓரத்திலும் அளங்கள். கைநெசவு விரிப்பில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசம் சாதாரணம், சிறிய அளவையே கணக்கில் எடுங்கள்.

வட்டமோ வேறு வடிவமோ என்றால், விரிப்பைக் குப்புறப் போட்டு, அதன்மேல் பேடைப் பரப்பி, ஓரத்திலிருந்து 2.5 செ.மீ. உள்ளே சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுங்கள். இரண்டு துண்டைச் சேர்க்க வேண்டி வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏற விடாதீர்கள். விளிம்போடு விளிம்பு வைத்து, சேரும் கோட்டில் நாடா ஒட்டுங்கள். அந்தக் கோடு, ஆட்கள் அதிகம் நடக்கும் இடத்தில் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்குவதற்கு முன்பே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். விரிப்பு 10 மி.மீ., பேட் 3 மி.மீ. என்றால் கார்பெட்டுக்கு மேல் 13 மி.மீ. வேண்டும். கார்பெட்டும் விரிப்பும் கொஞ்சம் அமுங்கும் என்பதால் ஒன்றிரண்டு மி.மீ. குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம், ஆனால் கதவு உரசிக்கொண்டு திறந்தால் விரிப்பின் ஓரம் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். தரைக்கு அடியில் சூடேற்றும் வசதி உள்ள வீட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கார்பெட்டும் அடிமெத்தையும் சேர்ந்து வெப்பத்தைத் தடுக்கும் அளவு 2.5 டாக்கை (டாக் என்பது வெப்பத் தடுப்பை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது வழக்கமான பரிந்துரை. விரிப்பும் பேடும் அதன்மேல் கூடுதல் போர்வை. அங்கே சிறிய விரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: போடும் விதம்

கார்பெட்டை வாக்குவம் கிளீனரால் இரண்டு முறை, ஒன்றுக்கொன்று குறுக்காக இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். ஷாம்பூ போட்டுக் கழுவியிருந்தால் முழுவதும் காயும்வரை பொறுங்கள். ஈரத்தின்மேல் பேடும் விரிப்பும் போட்டால் வாடையும் பூஞ்சணமும் நிச்சயம். விரிப்பின் முதுகையும் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள்.

சுருட்டி வந்த விரிப்பும் பேடும் ஒரு நாளாவது தட்டையாகக் கிடக்கட்டும். ஓரம் சுருண்டே நின்றால், விரிப்பை எதிர்ப்பக்கமாகத் தளர்வாகச் சுருட்டிச் சில மணி நேரம் வைத்துப் பிரியுங்கள். விரிப்பின் ஓரமே சுருண்டிருக்கும்போது அடியில் எந்தப் பேட் போட்டும் பயனில்லை.

விரிப்பைச் சரியான இடத்தில் போட்டுப் பார்த்து, அதன் நான்கு மூலையையும் கார்பெட்டில் நூலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விரிப்பைப் பாதிவரை, முகம் உள்ளே இருக்கும்படி சுருட்டுங்கள். மடிக்க வேண்டாம், சுருட்டுங்கள். திறந்த பாதியில் பேடை வைத்து, குறித்த மூலைகளிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, உறை இருந்தால் மேல் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே விரிப்பை அதன்மேல் உருட்டி விடுங்கள். அதே மாதிரி மறுபாதி. இருவர் செய்தால் பத்து நிமிட வேலை. தனியாகச் செய்தால் ஒட்டும் பேட் கோணலாகப் பிடித்துக்கொள்ளும், அதைத் தூக்கித் தூக்கி ஒட்டுவதிலேயே பிடிப்பு பாதி போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விரிப்பைப் போட்டதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு ஓரங்களில் செருப்பில்லாமல் மெதுவாக நடந்து கொடுங்கள். கனமான சோபாவின் முன்கால் இரண்டையாவது விரிப்பின்மேல் ஏற்றி வைக்க முடிந்தால், அது எந்தப் பேடைவிடவும் பெரிய உதவி. இழை சாய்ந்திருக்கும் திசை நினைவிருக்கிறதா? விரிப்பு அந்தப் பக்கம்தான் போகப் பார்க்கும். அதைத் தடுக்க, எதிர் ஓரத்தில் கனத்தை ஏற்றினால் பின்னாலிருந்து பிடித்து வைத்ததுபோல இருக்கும். முன் ஓரத்தில் மட்டும் கனம் வைத்தால் விரிப்பு அதன்மேல் மோதி மேடாகும். என் வீட்டில் சோபாவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றியதும்தான் முழுச் சுருக்கமும் நின்றது.

சக்கர நாற்காலி உருளும் மேசைக்கு அடியில் இந்த ஏற்பாடு எதுவும் நிற்காது. அங்கே கடினமான பிளாஸ்டிக் பாய் போடுவதுதான் சரி.

போட்ட பிறகு

மூலையில் வைத்த நூலை ஒரு மாதம் எடுக்காதீர்கள். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு செ.மீ. நகர்ந்தால் பயப்பட வேண்டாம், பேடும் இழையும் ஒன்றுக்கொன்று படிவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். ஒருமுறை நேராக்கிவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் நகர்ந்தால் பேடைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இருமுகப் பேடில் பல நேரம் கோளாறு அதுதான். அதுவும் பலிக்கவில்லை என்றால் பேட் மெத்து அல்லது அளவு சிறியது.

வாக்குவம் கிளீனரின் சுழலும் பிரஷ்ஷை விரிப்பின் ஓரத்திலும் குஞ்சத்திலும் ஓட்டாதீர்கள். அது ஓரத்தைக் கவ்வி இழுக்கும், பேடின் பிடியும் விட்டுப்போகும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இழுத்து, ஓரத்துக்கு முன்பே தூக்கிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிப்பைப் பாதி சுருட்டி அடியில் பாருங்கள். மணல் சேர்ந்திருக்கும், அது கார்பெட் இழையையும் விரிப்பின் அடி நூலையும் அரம்போல அறுக்கும். பேடின் இரண்டு பக்கத்தையும் வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். ஒட்டும் பூச்சில் தூசு அடர்ந்திருந்தால், தயாரிப்பாளர் அனுமதித்திருக்கும்பட்சத்தில் ஈரத்துணியால் துடைத்து, முழுவதும் காயவிட்டுப் போடுங்கள், பிடிப்பு ஓரளவு திரும்பும். ரப்பர் பக்கத்தை விரலால் தேய்த்தால் துகள் உதிர்ந்தாலோ, வளைத்தால் வெடிப்பு விட்டாலோ அதன் ஆயுள் முடிந்தது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு ரப்பர் இப்படித்தான் போகும். அந்தத் துகள் கார்பெட்டுக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. அதனால் உதிரத் தொடங்கியதுமே மாற்றிவிடுங்கள்.

தண்ணீரோ வேறு எதுவோ கொட்டினால் மேலே துடைத்ததோடு விட்டுவிடக் கூடாது. விரிப்பு, பேட், கார்பெட், அடிமெத்தை என்று நான்கு அடுக்கு இருக்கிறது. ஈரம் மேலே காய்ந்த பிறகும் கீழே நாள்கணக்கில் தங்கும். உடனே விரிப்பைத் தூக்கி நாற்காலிமேல் போடுங்கள், பேடை எடுத்து வெளியே சாய்த்து வையுங்கள். கார்பெட்டின்மேல் வெள்ளைத் துணியை மடித்து வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். ஈரம் துணியில் ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு மின்விசிறியை அந்த இடத்துக்குத் திருப்பி வைத்து, மறுநாள் கையை அழுத்தி வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தெரியவில்லை என்றால் மட்டும் திரும்பப் போடுங்கள்.